பந்தியில் சொன்ன நோய்

ஜக்தல்பூர் முகாம்,
12.11.2023

தனப்பிரியாவுக்கு,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். போர்வெல் முகாமில் இருப்பவர்களின் போனை வாங்கிக் கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு இதுதான் என் முதல் கடிதம். பரமத்தி வேலூரில் உன் அம்மா வீட்டுக்கு அனுப்பினால் உன் தம்பி தமிழரசு கிழித்துப் போடுவான் என்பதால் உன் லேப் முகவரிக்கு அனுப்புகிறேன்.

ஆகஸ்டில் நீ மூன்றாவது தடவை முழுகாமல் இருந்தபோது ரத்தம் எடுத்தார்கள். பால்வினை நோய் இருக்கிறதென்று அதில் வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில், முந்தின இரண்டைப் போலவே, அந்தக் கருவும் தங்கவில்லை. நீ அழுதாய், பெட்டியைக் கட்டினாய், போய்விட்டாய். அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், "அக்கா ஏன் வந்துட்டா?" என்று யாரோ கேட்டதற்கு உன் தம்பி என்ன சொன்னான்? "ரிக் வண்டியில ஊரூராப் போறவன் சும்மாவா வருவான்? சீக்கைக் கொண்டாந்து எங்கக்காளுக்குக் குடுத்துட்டான்" என்று சொன்னான். அதே பந்தியில் என் அம்மா பாவாயி உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியும். அம்மா பாதி இலையில் எழுந்து எடப்பாடிக்கு பஸ் ஏறியது.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தம்பிக்குக் காட்டு.

சிவக்குமார்

நாமக்கல்,
28.11.2023

சிவக்குமார் அவர்களுக்கு,

உங்கள் ரிப்போர்ட் வந்தது. ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து வந்ததாம்? அதை நகலெடுத்து மடித்து ஸ்டாம்ப் ஒட்டும் வரைக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையா? நீங்கள் யோக்கியர் என்று காட்டுவதற்கு அனுப்பிய காகிதம் என்னை என்னவாக ஆக்குகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? என்மேல் சந்தேகம் என்றால் நேராக எழுதுங்கள்.

இதை நான் என் தம்பிக்குக் காட்டப் போவதில்லை. காட்டினால் அவன் இதையே வேறு மாதிரி படிப்பான். பந்தியில் அவன் பேசியது தப்புதான். அதற்காக அவனிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அவன் வாயை நான் தைக்கவா முடியும்?

இனி எழுத வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ஆயிரம் தொல்லை. பத்து நாளாக இடது கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி இருக்கிறது. லேபில் நின்றுகொண்டே வேலை செய்வதால் நரம்பு பிசகியிருக்கும் என்று அம்மா சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் வருகிறார்.

தனப்பிரியா

ஜக்தல்பூர் முகாம்,
9.12.2023

தனா,

எழுத வேண்டாம் என்கிறாய். சரி, இது கடைசி. ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லையே. நீயாக எதற்கு எடுத்துக்கொண்டு குதிக்கிறாய்?

உன் வேலை என்ன? கோழிப்பண்ணைக்காரர்கள் கொண்டுவரும் ரத்தத்தைப் பார்த்து வெள்ளைக்கழிச்சல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது. தினமும் வீட்டுக்கு வந்து என்ன புலம்புவாய்? "ஒரே ஒரு ரிசல்ட்டை வெச்சுக்கிட்டு பதறக் கூடாதுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துட்டு வாங்கன்னா மூஞ்சியத் தூக்கிக்கிறாங்க" என்பாய். கோழிக்கு இரண்டு தடவை பார்க்கிறவள் உனக்கு ஏன் ஒரு தடவையோடு விட்டாய்? அந்தக் காகிதத்தின் அடியில், இதை வேறொரு சோதனையால் உறுதி செய்துகொள்ளவும் என்று எழுதியிருந்தது. நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். வெட்கத்தில் திரும்ப அந்தப் பக்கமே போகவில்லை. நானும் கூட்டிப்போகவில்லை. அது என் தப்பு.

இன்னொன்று. அந்தக் காலை யாரும் தொடவிடாதே. எங்கள் டிரில்லர் ஒருவருக்கு இப்படித்தான் கால் வீங்கியது. ரத்தம் கட்டியிருக்கிறது, உருவினால் கட்டி நகர்ந்துவிடும் என்று இங்கே டாக்டர் திட்டினார். டாக்டரிடம் போ. என்மேல் உள்ள கோபத்தைக் காலில் காட்டாதே.

சிவா

சேலம்,
21.1.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் லேபுக்கு வந்தபோது நான் அங்கே இல்லை. அதற்கு முன்பே உருவியாகிவிட்டது. நான்காம் நாள் மூச்சு நின்றுபோகிற மாதிரி இருந்தது. காலில் இருந்த ரத்தக்கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய்விட்டதாம். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். நடுவில் மறுபடி மூச்சுத் திணறியதால் இன்னும் வார்டில்தான் இருக்கிறேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அஸ்பியா என்று ஒரு டாக்டர். நிதானமான ஆள். முப்பத்தொரு வயதில் ஏன் இப்படி ரத்தம் உறைகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய காகிதம் அத்தனையும் வேண்டும் என்றார். அம்மா மஞ்சப்பையோடு கொண்டுவந்து கொட்டியது. மூன்று கரு கலைந்ததைப் பார்த்தார். அப்புறம் அந்த ஆகஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து, "இதை உறுதிப்படுத்துற டெஸ்ட் எங்கம்மா?" என்றார். எடுக்கவில்லை என்றேன். அன்றைக்கே எடுத்தார். இல்லை என்று வந்தது. அந்த நோய் எனக்கு இல்லை, மாமா. எப்போதும் இருந்ததே இல்லை.

எனக்கு இருப்பது வேறு. பேரே வாயில் நுழையாது, ஆன்டி பாஸ்போலிப்பிட் சின்ட்ரோம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பையே எதிரி என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டுகிறது. அதனால் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. காலில் உறைந்தால் வீக்கம். நஞ்சுக்கொடியில் வேலையைக் காட்டினால் குழந்தை தங்காது. ஆகஸ்டில் செய்த சோதனையில் நோய்க் கிருமியையே தேடுவதில்லையாம். அந்தச் சோதனைக்குக் குப்பியில் ஊற்றுவதும் இதே மாதிரிக் கொழுப்புதான். என் ரத்தம் அதைப் பார்த்ததும் பாய்ந்து பிடித்துக்கொண்டது. காகிதத்தில் பால்வினை நோய் என்று வந்துவிட்டது. இதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து வருடமாக லேபில் இருக்கிறவளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் தேவைப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அப்போதும் இருந்தால்தான் இந்த நோய் என்று உறுதியாகச் சொல்வார்களாம். இந்த டாக்டர் ஒரு தடவையில் எதையும் நம்புவதில்லை.

நான் உயிருக்குப் போராடியபோது நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி, உங்களை நம்பாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

தனா

ஜக்தல்பூர் முகாம்,
10.2.2024

தனா,

எட்டிப் பார்க்கவில்லையா? உன் லேப் ஆள் கலைமணி போன் செய்த அன்றைக்கே கிளம்பினேன். இரண்டு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து சேலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உன் தம்பி வழியை மறித்துக்கொண்டான். "இவ்வளவு பண்ணது பத்தாதா? உன்னைப் பாத்தா இருக்கிற உசுரும் போயிரும், போயிருய்யா" என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். எப்படிச் சொல்வான்?

நீ பிழைத்துவிட்டாய் என்பது போதும். உண்மையாகச் சொல்கிறேன், கடிதத்தைப் படித்துவிட்டுக் கம்ப்ரஸர் பக்கம் போய் நின்று அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஆனால் மன்னிப்பு? அதை எனக்கு எழுதி என்ன புண்ணியம்? உன் தம்பி சொன்னதை இருநூறு பேர் கேட்டார்கள். நீ எழுதியதை நான் ஒருவன் படித்தேன். அம்மா ஐந்து மாதமாக ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறார்களாம். "எம்மவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்று எத்தனை பேரிடம் அது சொல்லிக்கொண்டு திரியும்?

பந்தியில் போன மானம் கவரில் திரும்பி வராது, தனா.

சிவா

பரமத்தி வேலூர்,
24.4.2024

மாமாவுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது எனக்குத் தெரியாது. தமிழரசுவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "உன் நல்லதுக்குத்தானுங்கக்கா" என்றான். என் நல்லதை இந்த வீட்டில் யாரும் செய்யாமல் இருந்தாலே நான் நன்றாக இருப்பேன்.

இரண்டாவது சோதனையும் வந்துவிட்டது. அதே நோய்தான். ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும். வாராவாரம் சேலம் போய் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் எண் அது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எனக்கு ஒன்றரையிலேயே நின்றது. மாத்திரையைக் கூட்டியும் ஏறவில்லை. டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் விசாரித்தால், மகளுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று அம்மா காலையும் மாலையும் முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கிப் போட்டிருக்கிறது. அந்தக் கீரை மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம். நானும் அம்மா ஆசையாகச் செய்கிறதே என்று வழித்துத் தின்றிருக்கிறேன். கீரையே ஆகாதென்று இல்லை, தினமும் ஒரே அளவாகக் கொஞ்சம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு அளவு என்ற வார்த்தையே தெரியாது. ஒரே சண்டை.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ரத்தம் உறைகிறதென்றால் உடம்பில் சூடு பத்தவில்லை, மிளகு தின்னு என்கிறார் ஒருவர். தொத்துமா என்று தள்ளி உட்கார்ந்து கேட்கிறார் இன்னொருவர். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழரசுவுக்கு வைகாசியில் கல்யாணம். கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி. இணைச்சீருக்குக் கூறைச்சேலை முனையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டும், நான் நிற்காமல் அந்தச் சீர் நடக்காது. அவனிடம் சொல்லிவிட்டேன். "பந்தியில நீ சொன்னது பொய்யின்னு அதே சனத்து முன்னால சொல்லு. அப்புறம் சீருக்கு நிக்கிறேன்." அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறான்.

தனா

ஜக்தல்பூர் முகாம்,
11.5.2024

தனா,

கல்யாண வீட்டில் கலகம் பண்ணாதே. போன கடிதத்தில் ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தினால் நாளைக்கு அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். நீ ஒன்று செய்தால் ஒன்பதாகப் போய் முடிகிறது, எனக்கு அலுத்துவிட்டது.

நான் வரவில்லை. இங்கே மழைக்குள் பதினான்கு போர்வெல் முடிக்க வேண்டும். தொள்ளாயிரம் அடி போயும் தண்ணீர் இல்லை, புகைதான் வருகிறது.

இங்கே ஒரு டாக்டரிடம் உன் நோயின் பெயரை எழுதிக் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். குழந்தை வேண்டும் என்றால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டுமாம். நிறையப் பேருக்குத் தங்கியிருக்கிறதாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே.

மாத்திரையை மறக்காதே.

சிவா

பரமத்தி வேலூர்,
8.6.2024

மாமாவுக்கு,

நீங்கள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நானே எடப்பாடிக்குப் போய் அத்தையைக் கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றது. "எதுக்கு சாமி, மறுக்கா கேவலப்படவா?" என்றது. "இந்தத் தடவை நீங்க கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குங்கத்தை" என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்துவிட்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார் சீர் நடத்தும் அருமைக்காரர். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தமிழரசுவுக்கு அப்போதுதான் வேர்த்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. பெரியம்மா மகளை நிற்க வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவோடு பிறந்த சென்னம்மாள் அத்தை சொன்னார். "கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கையில இன்னொருத்தி எதுக்குங்க?" என்று அருமைக்காரர் மறுத்துவிட்டார். அந்த மனிதருக்குக் கோவில் கட்டலாம்.

கால் மணி நேரம் ஆனது. நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் தமிழரசு மைக்கை வாங்கினான். "எங்க மாமா மேல நான் சொன்னது... அது தப்புங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்க" என்று முனகினான். யாருக்கும் புரியவில்லை. ஒன்றுமில்லை என்றால் எது ஒன்றுமில்லை? நான் மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

எல்லாம் சொன்னேன். என்ன நோய் என்று காகிதத்தில் வந்தது, ஏன் தப்பாக வந்தது, நிஜமாக எனக்கு என்ன, மூன்று குழந்தை எதனால் போனது. பால்வினை நோய் என்ற வார்த்தையைக் கல்யாண மண்டபத்து மைக்கில் சொன்ன முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். சென்னம்மாள் அத்தை முன்வரிசையிலிருந்தே கேட்டார், "அப்ப தொத்தாதா கண்ணு?" "தொத்தாதுங்கத்தை." "அப்பறம் தப்பு ஆரு மேல?" "முடிவு தெரியறதுக்கு முன்னாடி பேசினவங்க மேலீங்க. அதுல நானும் ஒருத்தி. எம்புருசன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அப்புறம்தான் சேலை முனையைக் கையில் வாங்கினேன். சீர் முடிந்து இறங்கி வந்தால் எடப்பாடி அத்தை எதிரே நிற்கிறது. அழுமோ திட்டுமோ என்று பயந்தேன். "மாத்தர போட்டியா சாமி?" என்றது. அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு, மறுநாள் முகூர்த்தமும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனது.

கேட்டதைச் செய்துவிட்டேன். இனியாவது வருவீர்களா?

தனா

ஜக்தல்பூர் முகாம்,
20.6.2024

தனா,

அம்மா போனில் எல்லாவற்றையும் சொன்னது. உன் கடிதத்தையும் படித்தேன். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். என்மேல் ஒரு தப்பும் இல்லை என்று மைக்கில் சொல்லியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு இதை எழுதாமல் வந்தால் நான் மனிதனே இல்லை.

என்மேல் சந்தேகமா என்று நவம்பரில் கேட்டாய். நான் உன்னைக் கேட்கவில்லை என்று எழுதினேன். நினைக்கவில்லை என்று எழுதவில்லை. எனக்கு இல்லை என்று ரிப்போர்ட் கையில் வந்த நிமிடமே நினைத்துவிட்டேன். அதனால்தான் அதை உனக்கு அனுப்பினேன். நீ ஏதாவது ஒப்புக்கொள்வாயா என்று பார்த்தேன். உன் லேபில் இருக்கும் ஆண்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கலைமணி போன் செய்தபோதுகூட, இவன் எதற்கு இவ்வளவு பதறுகிறான் என்று ஒரு கணம் ஓடியது. நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாய், எனக்கு அது ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் உன் தம்பி மறித்தான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வர எனக்குத் தெம்பில்லையா என்ன? உன் முகத்தைப் பார்த்தால் வாயைத் திறந்து கேட்டுவிடுவேனோ என்று பயந்துதான் திரும்பினேன். பழியை அவன்மேல் போட்டுவிட்டு எழுதினேன். உன் ஜனவரிக் கடிதம் வரும் வரைக்கும் இது எனக்குள் இருந்தது.

உன் தம்பி சொன்னதை ஊரே கேட்டது, அவன் ஊர் முன்னாலேயே அது தப்பென்று சொல்லிவிட்டான். நான் நினைத்தது யாருக்கும் தெரியாது. அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் இறங்குவேன். இதைப் படித்த பிறகும் என்னைப் பார்க்க முடியும் என்றால் வா. நீ வராவிட்டால் எடப்பாடி பஸ் ஏறிவிடுகிறேன்.

சிவா

பரமத்தி வேலூர்,
25.6.2024

மாமாவுக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், கிளம்புவதற்குள் வந்து சேராவிட்டால் முகாமிலிருந்து யாராவது போனில் படித்துச் சொல்லட்டும். படித்துச் சிரிக்கட்டும், எனக்கென்ன?

நீங்கள் கேட்டிருந்தால் அறைந்திருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காமல் உள்ளேயே வைத்து நினைத்ததற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். இத்தனை கடிதம் எழுதியும் ஒருவரை ஒருவர் திட்டி முடியவில்லை, இன்னும் எத்தனை ஸ்டாம்ப் ஒட்டுவது?

வெள்ளிக்கிழமை எனக்கு ரத்தம் பார்க்கிற நாள். பஸ் ஸ்டாண்டில் எல்லாம் வந்து நிற்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தமிழரசு வாசலில் இருக்க மாட்டான், இருந்தால் தள்ளிவிட்டு வாருங்கள். முதலில் டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்து இந்த நோயைப் பற்றி முழுசாகக் கேளுங்கள், அந்த ஊசியைப் பற்றியும் நீங்களே கேளுங்கள். அப்புறம் வெளியே மரத்தடிப் பெஞ்சில் நான் பேசுவேன். நிறையப் பேசுவேன், சத்தமாகப் பேசுவேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் முடிக்கிற வரைக்கும் எந்த பஸ்ஸும் ஏறக் கூடாது.

தனா